பொறுப்பு விலகலும் அமைப்புக் கலைப்பும்: ஜே. கிருஷ்ணமூர்த்தியின் 1929ஆம் ஆண்டு முடிவு

முன்னுரை

சமய இயக்கமொன்றின் உயர்பொறுப்பில் இருப்பவர் விலகினால் அவ்விடத்திற்கு வேறொருவர் வருவது வழக்கம். நட்சத்திரச் சங்கத்தின் தலைவராக இருந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி (1895–1986), 1929இல் தம் பொறுப்பைத் துறந்ததோடு சங்கத்தையும் கலைத்தார். இம்முடிவு பெரும்பாலும் ஒரு தத்துவ உரையாகவே நினைவுகூரப்படுகிறது. அதனை நிறுவனச் செயல்பாடாக அணுகி, பதவி, சொத்து, பின்பற்றுவோர் ஆகிய மூன்றும் அதன்வழி அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொறுப்பின் தோற்றம்

மதனப்பள்ளியில் பிறந்த கிருஷ்ணமூர்த்தி, தந்தை நாராயணையா பிரம்மஞான சபையில் பணியேற்றதால் 1909இல் சென்னை அடையாறுக்கு வந்தார். அவ்வாண்டில் அடையாறு கடற்கரையில் அவரைக் கண்ட லெட்பீட்டர், வரவிருக்கும் உலக ஆசான் வெளிப்படுவதற்குரியவர் இச்சிறுவரே எனக் கருதினார். சபைத் தலைவர் அன்னி பெசன்ட் இக்கருத்தை ஏற்றார். உலக ஆசானின் வருகைக்கு மக்களை ஆயத்தப்படுத்தும் நோக்கில் 1911இல் கிழக்கு நட்சத்திரச் சங்கம் தொடங்கப்பெற்றது. பதின்பருவத்தினரான கிருஷ்ணமூர்த்தி அதன் தலைவராக்கப்பட்டார். 1927இல் அதன் பெயர் நட்சத்திரச் சங்கம் எனச் சுருங்கியது. இப்பொறுப்பு அவர் தேடிப் பெற்றதன்று. பிறர் அவர்மீது ஏற்றியதாகும்.

எதிர்ப்பும் ஐயமும்

இவ்வறிவிப்பு தொடக்கத்திலேயே எதிர்ப்பைச் சந்தித்தது. மகன்களின் பாதுகாப்பை 1910இல் பெசன்டிடம் ஒப்படைத்த நாராயணையா, 1912இல் அவர்களைத் திரும்பக் கோரி வழக்குத் தொடுத்தார். சென்னை உயர்நீதிமன்றம் 1913இல் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது.

சபைக்குள்ளும் பிளவு ஏற்பட்டது. 1902 முதல் ஜெர்மன் பிரிவின் பொதுச்செயலாளராக இருந்த ருடால்ஃப் ஸ்டெய்னர், உலக ஆசான் குறித்த அறிவிப்பை ஏற்கவில்லை. 1912–13இல் அவர் பிரிந்தபோது ஜெர்மன் உறுப்பினர்களுள் பெரும்பாலோர் அவருடன் சென்றனர். ஆந்த்ரபாசஃபி சங்கம் உருவானது. ஸ்டெய்னரின் விலகலில் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்பொன்று கிளைத்தது. ஆசானுக்கும் உறுப்பினர்க்கும் இடையிலான உறவு தொடர்ந்தது.

கிருஷ்ணமூர்த்தியின் விலகலுக்கு நீண்ட காலம் தேவைப்பட்டது. காசநோயுற்றிருந்த தம்பி நித்யானந்தா 1925 நவம்பரில் ஓஹாயில் காலமானார். தம்பியின் உயிர் காக்கப்படும் என்று சபையினர் அளித்திருந்த உறுதியில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை இதனால் தகர்ந்தது. இவ்விழப்பு மட்டுமே விலகலுக்குக் காரணம் எனக் கொள்ள இயலாது. எனினும் அதன்பின் சபையின் கோட்பாட்டு மொழியிலிருந்து அவர் பேச்சு படிப்படியாக விலகியது.

கலைப்பு

1929 ஆகஸ்ட் 3 அன்று நெதர்லாந்தின் ஓமன் முகாமில், அன்னி பெசன்டும் மூவாயிரத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் கூடியிருந்த அவையில், சங்கம் கலைக்கப்படுவதை அவர் அறிவித்தார். உண்மையை அமைப்பாக்க இயலாது. எவ்வமைப்பும் மனிதரை அதனிடம் இட்டுச்செல்லாது என்பது அவர் வாதத்தின் சாரம். தமக்குப் பின்பற்றுவோர் வேண்டாம் என்றும் தெரிவித்தார். ஏர்டே கோட்டையும் அதைச் சார்ந்த நிலத்தின் பெரும்பகுதியும் கொடையாளரான பாலண்ட் பிரபுவிடம் திருப்பி அளிக்கப்பட்டன. பின்னர்ப் பிரம்மஞான சபையிலிருந்தும் கிருஷ்ணமூர்த்தி விலகினார். சொல்லளவில் நில்லாது சொத்தையும் கைவிட்டதே இம்முடிவின் தனித்தன்மை.

தொடர்விளைவுகள்

பிரம்மஞான சபை இவ்விலகலுக்குப் பின்னும் தொடர்ந்து இயங்கியது. கிருஷ்ணமூர்த்தியும் தம் வாழ்வின் இறுதிவரை உரையாற்றினார். அவ்வுரைகளைப் பதிப்பிக்கவும் பள்ளிகளை நடத்தவும் அமைப்புகள் தேவைப்பட்டன. 1968இல் இங்கிலாந்தில் கிருஷ்ணமூர்த்தி அறக்கட்டளை நிறுவப்பட்டது. நெடுங்கால உதவியாளரான ராஜகோபாலுடன் பதிப்புரிமை, சொத்து ஆகியன குறித்து எழுந்த சிக்கல் அமெரிக்காவில் வழக்காகி, 1974இல் உடன்பாட்டில் முடிந்தது. இவ்வறக்கட்டளைகள் ஆன்மிக அதிகாரம் கோரவில்லை. ஆயினும் சொத்தை நிருவகிக்கும் சிக்கலிலிருந்து அவையும் தப்பவில்லை.

முடிவுரை

பதவியையும் சொத்தையும் கிருஷ்ணமூர்த்தியால் தம் முடிவினாலேயே துறக்க முடிந்தது. பின்பற்றுதலை அவ்வாறு முடித்துவைக்க இயலவில்லை. அது கேட்போரின் மனத்தைச் சார்ந்தது. அவரை ஆசானாகவே கருதி வந்தோர் 1929க்குப் பின்னும் இருந்தனர். சமயத் தலைமைத் துறப்பை ஆராய்வோர், விலகியவரின் அறிவிப்போடு, அவரைச் சூழ்ந்திருந்தோர் அதை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.