பால்பல்லும் பேட்டரித் தகடும்: ஈயத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

'பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவிப்போன குரல் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம். பேட்டரிக்குள் இருக்கிற தகடு காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். பேச்சில் இரண்டுமே ஈயம்தான். அடுப்படியில் பழகிய பெயராக இருப்பதாலேயே பட்டறையில் இருப்பதும் பழகிய பொருளாகத் தோன்றிவிடுகிறது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தின் நவீன வரலாறு என்பது பெருமளவு லாரியின் வரலாறு. மழை பொய்த்த காடுகளை விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடித்தவர்கள், பாடி கட்டும் பட்டறைகள், ரிக் வண்டிகள் என்று இதை முன்னேற்றத்தின் கதையாடலாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். இக்கதையாடலில் செத்துப்போன பேட்டரிக்கு இடமில்லை. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். பழைய பேட்டரியை விற்றவரிடமே திருப்பித் தர வேண்டும், பதிவு பெற்ற ஆலைதான் உருக்க வேண்டும் என்று 2001இல் விதி வந்தது. 2022இல் அதற்குப் பதிலாக வேறு விதி வந்தது. ஆனாலும் இந்தியா முழுக்க ஒரு பகுதி தகரக் கொட்டகைக்குத்தான் போகிறது. அமிலத்தைக் கீழே ஊற்றி, தகட்டைக் கையால் பிரித்து, திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். கேட்டால், "வருசக்கணக்கா அள்ளறமுங்க, ஒண்ணும் பண்ணலீங்களே" என்கிறார்கள்.

ஒன்றும் பண்ணாதது போலத் தோன்றுவதற்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. தூசியாகவும் புகையாகவும் நுழைகிற காரீயம் ரத்தத்தில் நெடுநாள் நிற்பதில்லை. ஏறக்குறைய ஒரு மாதத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். ஒரு பகுதி சிறுநீரில் போக, மீதி எலும்புக்குள் போய்விடுகிறது. சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி எலும்பு அதை ஏற்றுக்கொள்கிறது. வளர்ந்தவர் உடம்பில் தங்கியுள்ள காரீயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். அங்கே அது பாதியாகக் குறைவதற்கு 10 முதல் 30 வருஷம் வரை ஆகும். வேலையை விட்டு ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு குறைந்திருக்கும். நஞ்சு போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, இடம் மாறியிருக்கிறது. கர்ப்பகாலத்திலும் பாலூட்டும்போதும் தாயின் எலும்பு கரையும். பத்து வருஷத்துக்கு முன் சேர்ந்த காரீயம் அப்போது குழந்தைக்குப் போகும்.

இனி எண்களின் அரசியலுக்கு வருவோம். 1923இல் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். அதை விற்ற கம்பெனிகளின் பணத்தில் ஆய்வுக்கூடம் நடத்திய ராபர்ட் கீஹோ, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 80 மைக்ரோகிராம் வரை ஆபத்தில்லை என்று பல பத்தாண்டுகள் வாதிட்டார். எல்லோர் உடம்பிலும் ஈயம் இருக்கிறது, ஆகவே அது இயல்பு என்பது அவர் தர்க்கம். 1965இல் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் இதை உடைத்தார். எல்லோரிடமும் இருப்பது வேறு, இயற்கையாக இருப்பது வேறு என்றார் அவர். 'இயல்பு' எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்று ஃபூக்கோவைப் படித்து விவாதிக்கும் நமக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைக்காது. அமெரிக்கக் குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவு 1960களில் 60, 1985இல் 25, 1991இல் 10, 2021இல் 3.5. உலோகம் மாறவில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல்தான் நின்றது. அதற்கு முந்தைய வருஷம் ஜார்ஜ் பவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வில், சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப்பேருக்கு 10க்கு மேல் இருந்தது.

ரத்தம் மறந்துவிடுவதைப் பல் மறப்பதில்லை. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து, அவற்றில் ஈயம் கூடக்கூட அறிவுத்திறனும் கவனமும் குறைவதை 1979இல் நிறுவினார். ஈயக் கம்பெனிகளுக்காகச் சாட்சி சொன்னவர்கள் அவர்மீது மோசடிப் புகார் கொடுத்தார்கள். விசாரணையில் மோசடி இல்லை என்றாயிற்று. நம் ஊரில் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம். பட்டறைத் தெருக்களின் ஆவணக் காப்பகம் அப்படியே ஓட்டுக்கூரைகளில் கிடந்து மக்கிப்போயிற்று.

சட்டத்துக்கு இது தெரியாமலில்லை. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலாவதாக ஈய நஞ்சைத்தான் வைத்தது. ஆனால் தொழிற்சாலை என்று ஆக மின்விசையோடு 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேண்டும். 2020இன் தொகுப்புச் சட்டம் அதை 20, 40 என்று உயர்த்தியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்தது. மூன்று பேர் உருக்குகிற கொட்டகை முன்பும் வெளியே, இப்போதும் வெளியே. அங்கே நோய் வந்தால் அறிவிக்க யாருக்கும் கடமை கிடையாது.

ஆகவே ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டுமே சாட்சியாகக் கேட்பது நடுநிலை ஆகாது. அது கம்பெனியின் காலக்கணக்கு. எலும்பின் காலக்கணக்கு வேறு. நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்' என்றும் கேளுங்கள் என்று 1700இல் மருத்துவர்களுக்குச் சொன்னார் இத்தாலியரான ராமஸ்ஸினி. எங்கே வேலை, எத்தனை வருசம், வேலைச்சட்டையை வீட்டில் துவைத்தது யார் என்று நாமும் கேட்டுக் குறித்துவைக்கத் தொடங்கலாம். அந்த வாய்மொழியைச் சாட்சியமாக ஏற்கச் சொல்வதுதான் இங்கே சங்கங்களும் இயக்கங்களும் முன்வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.