கோப்பியை அழித்த துரு

இயற்கை அனர்த்தம் என்றதும் புயலும் வெள்ளமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் சேதத்தை மறுநாளே கண்ணால் காணலாம். ஆனால், இலங்கையின் விவசாய வரலாற்றில் பதிவான மிகப் பெரும் இழப்புகளுள் ஒன்று ஓசையின்றி வந்தது. அழிவு முழுமையுற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

1869ஆம் ஆண்டு மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பேர்க்லி, அது முன்னர் அறியப்படாத பூஞ்சணம் எனக் கண்டு, ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார்.

தோட்டத் துரைமார் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. 1870இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தபோதிலும் உலகச் சந்தையில் விலை உயர்ந்தமையால் வருமானம் குறையவில்லை. குறைந்த விளைச்சலை ஈடுசெய்யக் கடன் பெற்று மேலும் காடழித்துக் கோப்பியே நட்டனர். என் கருத்தில், நோயினும் பெரிய கேட்டை விளைவித்தது இந்த விலையேற்றமே. 1880இல் வருகை தந்த மார்ஷல் உவார்ட் என்னும் இளம் அறிஞர், நோயின் வித்திகளைக் காற்றே பரப்புகிறது என்றும், மலை முழுவதும் தடுப்பு மரங்களின்றி ஒரே பயிரை நட்டது அதற்கு வாய்ப்பாயிற்று என்றும் விளக்கினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1880களின் இறுதியில் ஏற்றுமதி பழைய அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காயிற்று.

கோப்பியை நம்பி வாழ்ந்தோர் தோட்டக்காரர் மட்டுமல்லர். ‘தவளம்’ எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களைக் கொண்டு மலைநாட்டு வணிகத்தை நடத்தியவர்களுள் முஸ்லிம்கள் முன்னின்றனர் என்பதை நம் வாசகர் அறிவர். வண்டிக்காரர், கொழும்புப் பண்டகசாலைகளில் கோப்பிக் கொட்டை தெரிந்த பெண்கள், கடன் கொடுத்த செட்டிமார், 1867இல் கண்டிவரை நீண்ட புகையிரதம் என யாவும் அதனைச் சார்ந்திருந்தன. தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியன்டல் வங்கி 1884 மே மாதத்தில் முறிந்தது. அதன் தாள்களே நாட்டில் பெரிதும் புழங்கியமையால் மக்கள் கலங்கினர். ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசின் பொறுப்பை அறிவித்த பின்னரே அமைதி திரும்பியது. தோட்டங்கள் கைமாறியபோது தொழிலாளருக்குப் பல மாதச் சம்பளம் நிலுவையாய் நின்றது. கூலியைத் தோட்டத்தின் மீதான முதற் கடனாக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே இயற்றப்பட்டது.

இவ்வளவும் பலரும் எழுதியதே. அதிகம் பேசப்படாதோர் கண்டிக் கிராமத்தவர். வீட்டுத் தோட்டத்தில் சிறிதளவு கோப்பி வளர்த்து, அதை விற்ற பணத்தில் நெல்வரி செலுத்தி வந்தவர்கள் அவர்கள். கோப்பி பட்டதும் வரிக்குப் பணமில்லை. வலப்பனைப் பகுதியில் வரிபாக்கிக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. குடும்பங்கள் வெளியேறின, பசியால் மாண்டோரும் உண்டு. உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியர் இதனை வெளிக்கொணர்ந்தார். நெல்வரி 1892இல் நீக்கப்பட்டது.

கோப்பி அழிந்த நிலத்தில் துரைமார் முதலில் சிங்கோனாவை நட்டனர். அனைவரும் ஒருசேர நட்டமையால் அதன் விலையும் வீழ்ந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலையே இறுதியில் நிலைத்தது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து நடந்து வந்து, அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். ஆகவே அத்தொழிலாளர் குடும்பத்துடன் வந்து லயன்களிலேயே நிலையாகத் தங்கலாயினர்.