மூச்சு வாங்கும் ஜெனரேட்டர்

(பண்ணை வானொலிப் பேச்சு)



2017-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதியை நம்ம குமரி மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கிப் புயல் அடித்த நாள். கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. அந்தத் துயரத்துக்கு முன்னால் மற்ற நஷ்டமெல்லாம் சிறிசுதான். ஆனாலும் கரையில் இருந்தவர்கள் பட்ட பாடும் கொஞ்சமல்ல. ஏத்தன் வாழை குலையோடு சாய்ந்தது. ரப்பர் மரங்கள் முறிந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கிணறு நிறையத் தண்ணீர் கிடக்கிறது, மேலே தொட்டி காலி. அப்போதுதான் ஊருக்கு ஊர் ஜெனரேட்டரைத் தேடி ஓடினோம்.

எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். கையால் தூக்கி வைக்கிற சின்ன ஜெனரேட்டர். பல்பு போட்டால் பளிச்சென்று எரிந்தது. கிணற்று மோட்டார் சுவிட்சைப் போட்டதும் பல்பு மங்கிற்று, மோட்டார் சுற்றாமல் முனகிற்று, எஞ்சின் திணறி நின்றே போயிற்று. "ஸ்பீடு பத்தல மக்கா, ஸ்பிரிங்கை இழுத்து வை" என்றார் ஒரு அண்ணாச்சி. இழுத்து வைத்தோம். மோட்டார் சுற்றவில்லை, ரெண்டு பல்பு தெறித்ததுதான் கண்ட பலன். விடாமல் நாலஞ்சு தடவை போட்டுப் பார்த்ததில் மோட்டாரின் காயிலும் கருகிப் போச்சு.

பிறகு யோசித்தால், குற்றம் ஜெனரேட்டரில் இல்லை. எங்கள் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கு இரு நூற்றாண்டாகத் தெரிந்த கணக்குதான். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

1831-ல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே என்பவர், காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடந்து அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டுபிடித்தார். மூன்று வருஷம் கழித்து, 1834-ல், லென்ஸ் என்கிற ரஷ்ய நாட்டு விஞ்ஞானி இன்னொரு உண்மையைச் சொன்னார். பிறக்கிற மின்சாரம், தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்த்து நிற்கும் என்றார். அதாவது, கரண்டை எடுக்க எடுக்க ஜெனரேட்டர் சுற்றுவதற்குக் கனமாகிறது. வெறும் வண்டியை மாடு சுளுவாக இழுக்கும். நெல் மூட்டை ஏற்றினால் கழுத்தைத் தாழ்த்தி இழுக்கும். பல்பு போட்டால் வெறும் வண்டி, மோட்டார் போட்டால் மூட்டை வண்டி. அவ்வளவுதான்.

சுமை ஏறும்போது மாட்டைத் தட்டிக் கொடுக்க வண்டிக்காரர் இருக்கிறார். எஞ்சினுக்கு யார் இருக்கிறார்கள்? அதற்குத்தான் கவர்னர். மாவரைக்கும் ஆலைகளில் கற்களின் இடைவெளியை ஒழுங்குபடுத்த சுழலும் குண்டுகளை முன்பே வைத்திருந்தார்கள். அந்த யோசனையை 1788-ல் ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி எஞ்சினுக்கு எடுத்துக் கொண்டார். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், நீராவி வால்வு திறக்கும். வேகம் கூடினால் குண்டுகள் உயரும், வால்வு மூடும். உங்கள் கையடக்க ஜெனரேட்டரிலும் அதே வேலையைச் செய்கிற கவர்னர்தான் ஒரு ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கிறது.

இனி நம்ம நாட்டுக் கதைக்கு வருவோம். நாஞ்சில் நாட்டில் பயிருக்குத் தண்ணீர் வந்தது குளத்தாலும் கால்வாயாலும். 1906-ல் பேச்சிப்பாறை அணை முடிந்தபின் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டுக்கும் பலம் கிடைத்தது. நாம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தோம். அந்த ராஜ்யத்தில் 1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிற்று. 1956 நவம்பர் 1-ல் நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1970-லும் 1971-லும் நம்ம மலையிலேயே கோதையாறு மின்நிலையங்கள் இரண்டு வந்தன. ஒன்று 60 மெகாவாட், மற்றது 40 மெகாவாட்.

அந்தப் பெரிய நிலையத்திலும் இதே சங்கதிதான். ஊரில் சுமை கூடினால் சுழலி கனக்கிறது, உடனே கவர்னர் தண்ணீர் வாயைக் கூடுதலாகத் திறக்கிறது. ஆனால் அது தனியாள் இல்லை. எத்தனையோ நிலையங்கள் ஒரே கம்பியில் தோள் கொடுக்கின்றன. உங்கள் மோட்டார் ஒன்று சுற்ற ஆரம்பித்தால் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. சின்ன ஜெனரேட்டரோ ஒண்டியாள்.

கரண்டு வராத காலத்தில் கிணற்றடியில் ஆயில் எஞ்சின் ஓடிற்றே, அது எப்படித் தாங்கிற்று என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் லிஸ்டர் எஞ்சினும், அதே மாதிரி ராஜ்கோட்டில் செய்தவையும் நிமிஷத்துக்கு 650 சுற்றுதான் ஓடும். ஆனால் கனத்த இரும்புச் சக்கரம் உண்டு. திடீரென்று சுமை வந்தால் அந்தச் சக்கரத்தில் சேமித்த வேகம் ஈடு கொடுக்கும். கையடக்க ஜெனரேட்டரைத் தூக்க வசதியாக இரும்பைக் குறைத்து, சுற்றை 3000-ஆக ஏற்றிவிட்டார்கள். நமக்குக் கை லேசு. அதற்கோ மூச்சு குறைச்சல்.

இப்போது அந்தக் கணக்கு. ஒரு குதிரைசக்தி என்பது 746 வாட். 1 குதிரைசக்தி மோட்டார் ஓடும்போது சுமார் 1000 வாட் இழுக்கும். ஆனால் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் ஓட்டக் கரண்டைப்போல் ஐந்து, ஆறு மடங்கு கேட்கும். ஆகவே மோட்டாருக்கு வேண்டியதைப்போல் மூன்று மடங்காவது திறன் உள்ள ஜெனரேட்டர் வைத்துக் கொள்வது நல்லது. எங்களுடையது அதில் பாதிகூட இல்லை.

திறன் போதுமானதாக இருந்தும் திணறுகிறதா? முதலில் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதன் திறனுக்குள் அடங்குகிற ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். பெட்டி நன்றாகச் சூடேறி, எஞ்சினும் ஒழுங்காக ஓடினால், ஜெனரேட்டர் மேல் சந்தேகம் குறைகிறது. மோட்டாரின் கெப்பாசிட்டர், பம்பு இறுகியிருப்பது, கிணறுவரை போகிற மெல்லிய நீள வயர், இவற்றைப் பாருங்கள்.

இஸ்திரிப் பெட்டிக்கே திணறினால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். எஞ்சின் சத்தம் இறங்குகிறதா? அப்படியானால் கோளாறு எஞ்சின் பக்கம். சுமையோடு ஓடும்போது சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஓட்டம் தெளிந்தால் எரிபொருள் போதவில்லை. கார்புரேட்டர் ஜெட்டில் அழுக்கு, அல்லது டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. இன்னும் மோசமாகிக் கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. பில்டரைச் சுத்தம் செய்யுங்கள். சைலன்சரில் கரி அடைத்தாலும், கவர்னர் கம்பி இறுகினாலும் இழுவை போகும். எங்களைப்போல் ஸ்பிரிங்கை மட்டும் இழுத்து வைக்காதீர்கள். சுமையில்லாதபோது வோல்டேஜ் ஏறிச் சாமான்கள் போய்விடும்.

எஞ்சின் சத்தம் மாறாமல் வோல்டேஜ் மட்டும் விழுந்தால் கோளாறு மின்சாரப் பக்கம். ஜெனரேட்டரின் கெப்பாசிட்டரோ, கார்பன் பிரஷ்ஷோ, வோல்டேஜ் ரெகுலேட்டரோ. அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எதுவானாலும் முனகுகிற மோட்டாரை இரண்டு மூன்று நொடிக்குமேல் விடாதீர்கள். வோல்டேஜ் குறைந்து சுற்றாமல் நிற்கிற மோட்டார் கூடுதல் கரண்டை இழுத்துத் தன்னையே எரித்துக் கொள்ளும்.

கடைசியாக இரண்டு சங்கதி. இவை உயிர் சம்பந்தப்பட்டவை. மழை பெய்கிறதே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, திண்ணையிலோ, மோட்டார் அறையிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களை அப்படியே கொண்டு போய்விடும். இன்னொன்று, ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் செருகி வீடு முழுக்கக் கரண்ட் ஏற்றாதீர்கள். அது மெயின் வழியாகத் தெருக்கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரில் பல மடங்காக உயரும். ஒக்கியின்போது வெளி மாவட்டங்களிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் வந்து நமக்காகக் கம்பம் ஏறினார்கள். கரண்ட் இல்லை என்று நம்பி ஏறுகிறவர் உயிர் நம்ம பிளக்கில் இருக்கிறது.

மாட்டுக்கு எத்தனை மூட்டை ஏற்றலாம் என்று யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மிஷினையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் போதும்.