அமுதசுரபியும் அணையா அடுப்பும்

பசித்தோர்க்கு உணவளித்தலைத் தமிழிலக்கியங்கள் பலபடப் போற்றியுள்ளன. ஆயின், அவ்வுணவுக்கு வேண்டிய அரிசியும் உப்பும் விறகும் எவர் மனையிலிருந்து எவ்வாறு வந்து சேர்ந்தன என்னும் வினாவை எழுப்பினோர் சிலரே. ஈண்டு அதனை ஒருசிறிது ஆராய்வாம்.

மணிமேகலைக் காப்பியத்து அமுதசுரபி அள்ளக் குறையாத பாத்திரம். அது கிடைத்த மணிபல்லவம் நமது நயினாதீவே என்று கொள்வாரும் உளர். அதனைப் பெற்ற மணிமேகலை உடனே சோறு வழங்கத் தொடங்கினாளல்லள். ஆதிரை என்னும் இல்லாளிடம் முதற் பிச்சை ஏற்ற பின்னரே வழங்கினாள். தெய்வத்தன்மை வாய்ந்த கலத்துக்கும் ஓர் இல்லத்து அடுக்களையிலிருந்து முதற்சோறு வேண்டியிருந்தது. கதைக்கு வெளியே குறையாத பாத்திரம் எதுவுமின்று. நாள்தோறும் குறைவதை நாள்தோறும் நிரப்புவார் வேண்டும்.

சிதம்பரம் இராமலிங்க சுவாமிகள் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடக்கினார். பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தை இதற்கென எழுதிக்கொடுத்தனர். ஓர் அரசரோ பெருநிலக்கிழாரோ தனித்து ஈந்த கொடையன்று இது. ஊரவர் பலர் கூடி அளித்தது. சாதியும் சமயமும் வினவாது பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு உணவிடுதல் சுவாமிகள் வகுத்த நெறி. 21 அடி நீளமுள்ள அவ்வடுப்பில் அன்று மூட்டிய தீ இன்றளவும் அணையவில்லை. அரிசி மூடைகளையும் காய்கறிகளையும் மக்கள் இன்றும் கொணர்ந்து கொடுக்கின்றனர். தீ அணையாமைக்கு அற்புதங் கற்பிப்பார் கற்பிக்க. விறகும் அரிசியும் தவறாது வந்து சேர்ந்த ஒழுங்கே எமக்குப் பேரற்புதமாகத் தோன்றுகின்றது.

பத்தாண்டு கழிய, தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் பற்றியது. 1876ஆம் ஆண்டிற் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டவர் என மதிப்பிடுவர். இந்திய அரிசியை எதிர்நோக்கியிருந்த யாழ்ப்பாணமும் தப்பவில்லை. நெல் விலை ஏறிற்று. வாந்திபேதியும் உடன் வந்தது. அந்நாளில் ஆறுமுக நாவலர் பொருளுடையாரிடம் உதவி வேண்டிப் பெற்று, 1877இல் வண்ணார்பண்ணையிற் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடாத்தினார்.

இவ்விருவரும் கொள்கையால் மாறுபட்டவர். 1869ஆம் ஆண்டில் அருட்பாப் பற்றி எழுந்த பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றுவரை சென்றது. அவ்வழக்கைப் பற்றி நம்மவர் எழுதிய ஏடுகள் மிகப்பல. வழக்காடிய இருவரும் பத்தாண்டு இடைவெளியில் ஏழைகளுக்கு உலையேற்றினர் என்பதை இணைத்து நோக்கியோர் அரியர். இஃது இரங்கத்தக்கது.

இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. கஞ்சித்தொட்டி இடர்க்காலத்து உதவி. இடர் தணிய அதுவும் ஓய்ந்தது. தருமச்சாலையோ மழை பெய்த ஆண்டிலும் பசித்தோர் உளர் என்று கருதி நிறுவப்பட்டது. பஞ்சத்திற்குத் திறக்கும் கை விளைச்சற்காலத்தில் மூடிக்கொள்வதே உலகியல்பு. அதற்கு மாற்றாக நம் தாய்மார் கைக்கொண்ட வழக்கம் பிடியரிசியாகும். உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு கலத்திற் சேர்த்துவைப்பர். வாரமோ மாதமோ முடிய அது பொதுக்காரியத்துக்குச் செல்லும். யாழ்ப்பாணத்திற் கோயில்களேயன்றிப் பாடசாலைகளும் இவ்வாறு பயன் பெற்றன. ஒரு பிடியை 50 கிராம் எனக் கொள்ளினும், 100 வீடுகள் 30 நாளில் ஈவது 150 கிலோகிராம். கொடுத்த வீட்டார் எவரும் அதனாற் பசித்திரார்.

தருமச்சாலை தோன்றி நூறாண்டு நிறைந்த 1967இல், அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் யோன் வான் எங்கல் என்பார் உணவு வங்கி ஒன்றை நிறுவினார். விற்பனைக்கு உதவாவெனக் கடைகள் கழித்த நல்லுணவைத் திரட்டி, வேண்டுவார்க்கு வழங்குவது அதன் முறை. உலகின் முதல் உணவு வங்கி அதுவே என்பர். மிகுதியைச் சேமித்து வழங்குதல் அதன் அடிப்படை. மிகுதி தோன்றுமுன்னரே ஒரு பிடியை ஒதுக்குதல் பிடியரிசியின் அடிப்படை. எமது மதிப்பில் பின்னதே உறுதியானது. மிகுதி ஓராண்டு இருக்கும், ஓராண்டு இராது.

2022ஆம் ஆண்டிலே இலங்கையில் விலைகள் கட்டுக்கடங்காது ஏறியபோது உலருணவுப் பொதிகள் பல இடங்களிலும் வழங்கப்பட்டன. அரிசியும் பருப்பும் வந்த வீடுகள் சிலவற்றில் எரிவாயுவும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. சவர்க்காரம் வாங்கவும் காசில்லை. அரிசி ஒன்றே உணவாகாது என்பதை வடலூரார் விறகடுக்கிய நாளிலேயே அறிந்திருந்தனர். கொழும்பிலும் பிற இடங்களிலும் அவ்வாண்டிற் பொதுச் சமையலறைகள் தோன்றின. ஒருவர் அரிசி கொணர, ஒருவர் விறகு கொணர, ஒருவர் தேங்காய் துருவ, ஒரே கிடாரத்திற் பல வீட்டுக்கும் உலை கொதித்தது.