வாசலைத் திறந்தது யார்?

2005-இல் பால் ரேடமேக்கர் என்ற அமெரிக்க நிரலாளர், கிரெய்க்ஸ்லிஸ்ட் தளத்தின் வாடகை வீட்டு விளம்பரங்களை எடுத்து கூகுள் வரைபடத்தின் மேல் புள்ளிகளாகப் பதித்தார். அதற்கு முறையான வழி எதுவும் அப்போது கிடையாது. வரைபடத்தின் நிரலைப் பிரித்துப் படித்தே ஹவுசிங்மேப்ஸ் தளத்தை உருவாக்கினார். கூகுள் அதைத் தடுக்கவில்லை. அந்த ஆண்டு ஜூனிலேயே வரைபடத்துக்கு ஏபிஐ வெளியிட்டது. அதாவது, ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவலையோ வேலையையோ கேட்டுப் பெறும் வாசலைத் திறந்தது. பின்னர் ரேடமேக்கரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. கருவிகள் எளிதானதால்தான் ஏபிஐ சாமானியர் கைக்கு வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. வாசலுக்கு உரியவர் எவ்வளவு திறக்கச் சம்மதித்தார் என்பதே ஒவ்வொரு கட்டத்திலும் எல்லையை வகுத்திருக்கிறது.

எளிமை மட்டும் போதாது என்பதற்கு யாஹூ பைப்ஸ் சாட்சி. 2007 பிப்ரவரியில் வந்த அந்தச் சேவையில் நிரல் எழுதத் தேவையிருக்கவில்லை. திரையில் பெட்டிகளை இழுத்துவைத்துக் கோடுகளால் இணைத்தால், பல தளங்களின் செய்தியோடைகள் வடிகட்டப்பட்டு ஒன்றாக வந்தன. ஆனால் அது பெரும்பாலும் பொதுவெளியில் கிடந்த தகவலையே கையாண்டது. தன் மின்னஞ்சலில் உள்ள முகவரிகளை எடுத்துத் தரச் சொன்னால், பல தளங்கள் கடவுச்சொல்லையே கேட்ட காலம் அது. அந்த ஆண்டின் இறுதியில் வந்த ஓஆத் நெறிமுறை, கடவுச்சொல்லைக் கொடுக்காமலே குறிப்பிட்ட அளவுக்கு அனுமதி தரவும், பிறகு அதைத் திரும்பப் பெறவும் வழிசெய்தது. இன்று யோசிக்காமல் அழுத்தும் ‘அனுமதி’ பொத்தானின் பின்னால் இருப்பது அதுதான். 2011-இல் எல்லோருக்கும் திறந்த இஃப்ட் சேவை இந்த வகை அனுமதியை நம்பியே வளர்ந்தது. ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற ஒரே வாக்கியம்தான் அதன் இலக்கணம். ஃபேஸ்புக் படமொன்றில் தன் பெயரை யாராவது குறித்ததும், அதன் பிரதி தானாக டிராப்பாக்ஸ் இணையச் சேமிப்பகத்துக்குப் போனது. நிரல் என்றால் என்னவென்றே அறியாதவரும் இரண்டு நிறுவனங்களின் ஏபிஐகளை இப்படி இணைக்க முடிந்தது.

ஆனால் 2012 செப்டம்பரில் ட்விட்டரின் விதிகள் இறுகின. ட்வீட்டுகளை வேறிடத்தில் சேமித்துவந்த இஃப்ட் இணைப்புகள் அந்த மாதமே நின்றன. எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை.

செலவழித்துக் கட்டியவருக்கு மூடவும் உரிமை உண்டு, திறந்த வாசல் ஆபத்து என்று வாதிடுவார்கள். ஆபத்து உண்மைதான். ஃபேஸ்புக் ஏபிஐ வழியே ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலி, பயன்படுத்தியவர்களின் நண்பர்களுடைய தகவலையும் அள்ளியது. அது கேம்பிரிட்ஜ் அனலிடிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. பாதிக்கப்பட்டோர் 8.7 கோடி பேர் வரை இருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே சொன்னது. ஆனால் அந்த நண்பர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. உரியவரே அனுமதித்துத் திறக்கும் வாசலுக்கு எதிராக அதைக் காட்டுவது பொருந்தாது. செலவு வாதத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பதில் தந்திருக்கிறது. வங்கிகளும் தங்கள் கணினி அமைப்புகளைச் சொந்தப் பணத்தில்தான் கட்டின. இருந்தும் 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பணப்பரிமாற்றச் சட்டம், வாடிக்கையாளர் சம்மதித்தால் உரிமம் பெற்ற வேறு நிறுவனங்கள் அவரது கணக்கை அணுக வங்கிகள் வழிவிட வேண்டும் என்றது. பணக்கணக்கு போன்ற நுட்பமான விஷயத்திலேயே இது முடியுமென்றால், ஒருவர் எழுதிய அஞ்சலுக்கும் எடுத்த படத்துக்கும் அந்த உரிமையை மறுக்க நியாயமான காரணம் இல்லை.