இழை ஏன் சாம்பலாகவில்லை?



கெலாங் பாத்தாவில் கடைகளிலும் வீடுகளிலும் இன்று எல்.இ.டி. விளக்குகளே ஒளிர்கின்றன. அதனால் அறிவியல் பாடத்திற்காகப் பழைய மின்குமிழ் ஒன்றைத் தேடியெடுத்து வகுப்பில் ஒளிரவிட்டேன். “ஐயா, உள்ளே கம்பி எரிகிறதே, ஏன் சாம்பலாகவில்லை?” என்று ஒரு மாணவன் வினவினான். “உள்ளே காற்று இல்லை” என்று ஒரே வரியில் விடையளித்துவிட்டேன். அவ்வளவில் முடிந்துவிடும் கேள்வியா அது?

மெல்லிய இழை மின்னோட்டத்திற்குத் தடையாக நிற்கிறது. அத்தடையால் வெப்பம் பிறக்கிறது; வெப்பம் மிகும்போது இழை ஒளிர்கிறது. உயிர்வளி இருந்தால் அது எரிந்துவிடும். ஆகவே, முன்னோடிகள் குமிழிலிருந்து காற்றை அகற்றினர்.

1879-இல் இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் அமெரிக்காவில் தாமஸ் எடிசனும் கரி இழை விளக்குகளை ஒளிரச் செய்தனர். எடிசன் கரியாக்கிய பருத்தி நூல் பதின்மூன்று மணி நேரத்திற்கும் மேல் ஒளிர்ந்தது. அடுத்து வந்த ஜப்பானிய மூங்கில் இழை ஆயிரம் மணி நேரத்தைக் கடந்தது.

அந்தக் கரி இழைக் காலத்திலேயே மின்சாரம் நம் நாட்டையும் எட்டியது. 1894-இல் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக மின்னாக்கியை நிறுவினர். கோயில் எழுப்பிய பெரியவராக மட்டுமே நம் பிள்ளைகள் அறிந்துள்ள தம்புசாமிப் பிள்ளைக்கு நாட்டின் மின்சார வரலாற்றிலும் இடமுண்டு.

காற்று இல்லாவிடினும் கரி மெல்ல ஆவியாகிக் கண்ணாடியைக் கருமையாக்கியது. எனவே, 1904-இல் யுஸ்ட், ஹனாமன் ஆகிய இருவரும் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை பெற்றனர். அவ்வுலோகம் உருகுவதற்கு 3,422 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆயினும் எளிதில் நொறுங்கியது. அதனை வளையும் கம்பியாக இழுக்கும் முறையை வில்லியம் கூலிட்ஜ் 1910 வாக்கில் உருவாக்கினார். 1913-இல் இர்விங் லாங்மியூர் குமிழினுள் மந்த வாயுவை நிரப்பி, இழை ஆவியாவதைக் குறைத்தார்.

இத்தனைக்குப் பின்னும், பெற்ற ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழை விளக்கு ஒளியாக மாற்றவில்லை. எஞ்சியது வெப்பமாகவே வீணாயிற்று. அதனாலேயே பல நாடுகள் அதனைக் கைவிட்டன.

“மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன்” என்று மட்டும் கற்பித்தால், ஒருவர் விட்ட குறையை மற்றவர் நிறைவு செய்த இந்த நெடும் உழைப்பு பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும். மறுவாரம் அம்மாணவனிடம் இக்கதை முழுவதையும் கூறினேன்.

பெற்றோர்களே, வீட்டில் பழைய மின்குமிழ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பள்ளியின் அறிவியல் அறைக்குத் தந்துதவுங்கள். வெப்பம் ஒளியாவதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டு கற்கட்டும்.