கரும்பாலையும் தைத்திருநாளும்

பொங்கற் பானையையும் கரும்பையும் பிரித்தெண்ணுதல் இன்று எவர்க்கும் இயலாது. இவ்வழக்குச் சங்ககாலந்தொட்டே வருவதெனச் சான்று காட்டாது எழுதிச் செல்வாரும் உளர். அங்ஙனம் துணிதற்குமுன் இரண்டு வினாக்களைப் பிரித்து நோக்குதல் வேண்டும். கரும்பு விளைத்து ஆலையாட்டும் தொழில் எத்துணைப் பழையது? அத்தொழில் அறுவடை விழாவோடு எங்ஙனம் இயைந்தது? முன்னதற்குச் சான்று மிகுதி, பின்னதற்கோ அருமை.

அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பினை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என ஔவையார் புறநானூற்று 99ஆம் பாட்டிற் கூறுகின்றார். கரும்பினத்தின் முதற்றாயகம் நியூகினித் தீவு எனத் தாவரநூலார் கொள்வர். அதியர்குலக் கதையை வரலாறாகவே கொள்ளுதற்கு யாம் உடன்படோம். ஆயினும், கரும்பு வந்தேறிய பயிர் என்னும் நினைவு அப்புலவர் காலத்தே வழங்கிற்று என்பது தெளிவு.

ஆலைத்தொழிற்கு வருவோம். ஐங்குறுநூற்று 55ஆம் பாட்டு, தேனூர்க் கரும்பு எந்திரத்தின் ஒலியைக் களிற்றின் பிளிறலோடு இணைக்கின்றது. பெரும்பாணாற்றுப்படை, ஓயாத ஆரவாரமும் புகையும் சூழ்ந்த ஆலைதோறும் சாறு பருகிச் செல்லுமாறு பாணனை ஆற்றுப்படுத்துகின்றது. பட்டினப்பாலையோ ஆலைத் தீயின் வெம்மையால் அருகிலுள்ள நீர்வயலின் நெய்தற்பூ வாடுதலைக் காட்டுகின்றது. இம்மூன்றனுள் கடையதே எமக்கு மிகுபயன் தருவது. வயலின் பூ வாடவேண்டுமாயின் ஆலை வயலையடுத்தே இருந்திருத்தல் வேண்டும். அதற்குக் காரணம் தொழிலிலேயே உளது. வெட்டிய கரும்பு காத்திராது. நாள் கடப்பின் சாற்றின் இனிமை திரிந்து, காய்ச்சினாலும் கட்டி பிடியாது. ஆதலின் கரும்பை ஆலைக்குத் தொலைவிற் கொண்டுசெல்லாது, ஆலையையே கரும்பிற்கு அண்மையில் நிறுத்தினர். இன்றும் சிற்றூர்களில் வெல்லம் காய்ச்சுவோர் கொட்டகையைத் தோட்டத்தருகே அமைத்தலைக் காணலாம்.

அவர் தொழின்முறை ஈண்டுக் கூறத்தக்கது. பிழிந்த சாற்றைக் கொப்பரையிலிட்டு, உலர்ந்த சக்கையையே விறகாக எரித்துக் காய்ச்சுவர். சிறிது சுண்ணாம்பு சேர்ப்பர். மேலெழும் அழுக்கை வழித்தெடுப்பர். அழுக்குத் திரளுதற்பொருட்டு வெண்டைச் செடியின் வழுவழுப்பான சாற்றைச் சேர்ப்பாரும் உண்டு. பாகினைச் சிறிது தண்ணீரில் விட்டுப் பார்த்து, திரண்டு உருளுமாயின் பதமறிந்து இறக்குவர். நூறு பங்கு கரும்பிற்கு ஏறத்தாழப் பத்துப் பங்கு வெல்லம் கிடைக்கும். மழை பெய்து சக்கை நனையின் அடுப்பே எரியாது. குளிர்ந்து மழை ஓய்ந்த மார்கழி இத்தொழிற்கு உகந்தது. கரும்பில் இனிமை ஏறுவதும் அக்குளிரிலேயே. சர்க்கரைப் பொங்கலுக்கு வேண்டும் வெல்லம் அப்பருவத்திலேயே புதிதாகக் கிடைக்கின்றது. விழாவிற்கும் ஆலைக்கும் உள்ள உறவு, சடங்கினும் முன்னர்ப் பருவத்தாலேயே அமைந்தது என்பது எம் கருத்து.

இனி விழாவைப் பற்றிய சான்று. தைந்நீராடலைக் கூறும் சங்கப்பாடல்களிற் கரும்பு படைத்த செய்தியை யாம் கண்டிலேம். எனினும் புறநானூற்று 22ஆம் பாட்டினைத் தள்ளிவிடுதல் இயலாது. குறுங்கோழியூர் கிழார் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் பாசறையைப் பாடுமிடத்து, செந்நெற் கதிரும் கரும்பும் கொண்டு வேய்ந்த கூரைகள் விழாக்களம்போல் பொலிந்தன என்கின்றார். விழாவிற்கு அவர் ஆளும் சொல் ‘சாறு’ என்பது. பிழிந்த நீருக்கும் விழாவிற்கும் அச்சொல் பொதுவாதல் கருதி இரண்டையும் ஒன்றாக்க விழைவார் உளராகலாம். யாம் அத்துணைத் தொலைவு செல்லோம். நெற்கதிரும் கரும்பும் ஒருங்கு தோன்றியவிடத்துப் புலவர்க்கு விழா நினைவு எழுந்தது என்னும் அளவே உறுதி. அதனைப் பொங்கல் எனப் பெயரிட்டழைக்க அப்பாட்டில் இடமில்லை.

பிற்காலத்துச் சோழர் கல்வெட்டுகள் திருவமுதுப் பொருள்களோடு சர்க்கரையைப் பலக் கணக்கிற் குறிக்கின்றன. அது வேறோர் ஆய்விற்குரியது.

இன்று விழாக்கரும்பும் ஆலைக்கரும்பும் வெவ்வேறாயின. கோயம்புத்தூரில் 1912இல் தோன்றிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தார் நாட்டுப் பேய்க்கரும்போடு கலந்து உருவாக்கிய ‘கோ 205’ என்னும் இனம் 1918இல் வெளிவந்தது. அதன்பின் ஆலைக்குரிய இனங்கள் தனிநெறியில் வளர்ந்தன. மென்று தின்னும் செங்கரும்போ ஆலைக்குப் பயன்படாது. மேலூர், திருவளர்ச்சோலை முதலிய இடங்களில் சித்திரை வைகாசியில் நட்டு, சோகை உரித்து, சாயாமற் கட்டி, பல திங்கள் காத்த பயிர் ஒரு கிழமைக்குள் விற்றாகவேண்டும். 2023ஆம் ஆண்டுப் பொங்கலுக்கென அரசு அறிவித்த பரிசுத்தொகுப்பிற் கரும்பு முதற்கண் இடம்பெறவில்லை. நட்ட உழவர் முறையிட்டனர். 2022 திசம்பர் இறுதியிலே முழுக்கரும்பு ஒன்று சேர்க்கப்பட்டது. அப்போது கரும்பு வயலில் முற்றி நின்றது. பொங்கலுக்கு மூன்று கிழமையும் இல்லை.